பேசுவோரிடம் செல்லும் ஒலிப்பதிவு: கணினிக்குப் பதில் டேப்லெட்

கிராம அபிவிருத்திப் பணியில் ஈடுபட்டிருக்கும் எவருக்கும் ஓர் உண்மை நன்கு தெரிந்திருக்கும். நாம் அச்சிட்டு அனுப்பும் துண்டுப் பிரசுரம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படுகிறது. அதனைப் படிக்க வேண்டியவரோ அவ்வழியே செல்வதில்லை. சென்றாலும், நெருக்கமாக அச்சிடப்பட்ட வரிகளை நின்று படிக்க அவருக்குப் பொழுது இருப்பதில்லை. அதே விஷயத்தைத் தம் பகுதியைச் சேர்ந்த ஒருவர் தம் வழக்கிலேயே சொல்லக் கேட்டால், களை எடுத்துக்கொண்டும் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டும் மக்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகத்தை ‘ரேடியோ நெல்’ என்று அழைத்தார்கள். திருச்சி வானொலி நிலையத்தின் விவசாய ஒலிபரப்பின் வாயிலாக அந்த ரகத்தைப் பற்றி அறிந்துகொண்டதே அப்பெயருக்குக் காரணம். ரகத்தைக் கண்டுபிடித்த ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைக் காட்டிலும், செய்தியைக் கொண்டுவந்த கருவியின் பெயர் வயலில் எளிதாகப் புழங்கியது. செவி வழிச் செய்திக்கு நம் கிராமங்களில் உள்ள மதிப்பிற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இக்காலத்தில் அவ்வேலையைச் செய்யக்கூடிய எளிய சாதனம் ‘பாட்காஸ்ட்’ ஆகும். இணையத்தின் வழியாகத் தவணை தவணையாக வெளியிடப்படும் ஒலி நிகழ்ச்சிக்கு இப்பெயர் 2004-ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. வானொலி நிகழ்ச்சியை அது ஒலிபரப்பாகும் நேரத்தில்தான் கேட்க முடியும். பாட்காஸ்டையோ கேட்பவர் தமக்கு ஒழிந்த நேரத்தில் கேட்கலாம், நிறுத்தலாம், புரியாத இடத்தை மீண்டும் கேட்கலாம். சமுதாய வானொலி நிலையம் நடத்துவதற்கு மத்திய அரசின் உரிமமும் அலைவரிசை ஒதுக்கீடும் தேவை. பாட்காஸ்டுக்கு அவை தேவையில்லை. ஆகவே ஓர் ஊராட்சி ஒன்றியமோ, மகளிர் சுய உதவிக்குழுக்களின் கூட்டமைப்போ இதனைத் தன் சொந்த முயற்சியிலேயே தொடங்கலாம்.

தொடங்கலாம் என்று முடிவு செய்ததும், “கணினி எங்கே? ஒலிப்பதிவு அறை எங்கே?” என்ற கேள்விகள் எழுகின்றன. அவ்விரண்டும் கிடைக்கும் வரையில் காத்திருப்பது என்று கோப்பில் குறிப்பு எழுதப்படுகிறது. அந்தக் காத்திருத்தல் அவசியமில்லை என்பதையும், டேப்லெட் ஒன்றைக் கொண்டே இப்பணியைச் செவ்வனே செய்ய இயலும் என்பதையும், அதற்கான முறைகளையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். (டேப்லெட் என்றதும் கிராமத்தில் முதலில் நினைவுக்கு வருவது மாத்திரைதான். “டேப்லெட் கொண்டுவந்திருக்கிறேன்” என்று ஒரு விஸ்தரிப்பு அலுவலர் சொன்னபோது, “காலையிலா, ராத்திரியிலா, சாப்பிடுவதற்கு முன்பா?” என்று ஒரு பாட்டி கேட்டதாக எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். நான் இங்கே கூறுவது, பலகை போன்று தட்டையாக, விரலால் தொட்டு இயக்கப்படும் சிறு கருவியை.)

கணினி செய்வதும் டேப்லெட் செய்வதும்

மேசைக் கணினி அலுவலகத்தின் சொத்து. அதன் மீது பட்டியல் தயாரிப்பும் அறிக்கை அனுப்புதலும் எப்போதும் நடந்துகொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். மடிக்கணினி இக்குறையைச் சிறிது நீக்குகிறது. எனினும் பெரும்பாலான மடிக்கணினிகளுள் ஒரு சிறு விசிறி சுழன்று கொண்டிருக்கிறது. நம் கோடைக் காலத்தில் அது ஓயாமல் சுழலும். அதன் இரைச்சல் ஒலிப்பதிவில் நிச்சயம் விழும். டேப்லெட்டுகளில் பொதுவாக விசிறி கிடையாது. ஒரு முறை மின்னேற்றம் செய்தால் ஒரு நாள் வேலைக்குப் பெரும்பாலும் போதும். ஜோல்னாப் பையில் வைத்து மிதிவண்டியிலும் கொண்டு செல்லலாம்.

இவை யாவும் சௌகரியங்களே. ஆனால் நான் டேப்லெட்டைச் சிபாரிசு செய்வதற்குரிய காரணம் வேறு. கணினி இருக்கும் இடத்திற்கு மனிதர் வரவேண்டும். டேப்லெட்டோ மனிதர் இருக்கும் இடத்திற்குச் செல்கிறது. இவ்வேறுபாடு நிகழ்ச்சியின் தன்மையையே மாற்றிவிடுகிறது.

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்கும் ஊழியர் ஒருவரை ஒன்றிய அலுவலகத்திற்கு வரவழைத்து, கண்ணாடிக் கதவு போட்ட அறையில் மைக்கின் முன் உட்கார வைத்துக் குடிநீரில் குளோரின் கலப்பதைப் பற்றிப் பேசச் சொல்லிப் பாருங்கள். “எல்லாம் விதிப்படி நடக்குதுங்க ஐயா” என்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். அவரையே அவருடைய தொட்டியின் நிழலில் சந்தித்து, “கடைசித் தெருவுக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது?” என்று கேட்டால், எந்த வளைவில் அழுத்தம் குறைகிறது, எந்த வீட்டுக் குழாயில் சோதனைத் திரவம் நிறம் மாறவில்லை, தொட்டியைக் கழுவும் நாளில் ஊரார் என்ன சொல்கிறார்கள் என்பதையெல்லாம் நிறுத்தாமல் சொல்வார். குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணை நாம் ஒலிபெருக்கியில் நூறு முறை கூறினும் விளங்காதது, அவர் தம் தெருக்களின் பெயரைச் சொல்லி விளக்கும்போது விளங்கிவிடுகிறது. அலுவலர் பேசுவதும் வேண்டியதே. அதற்கு ஐந்து நிமிடம் போதும் என்பது என் அபிப்பிராயம்.

மகளிரைப் பொறுத்தவரையில் இக்காரணம் இன்னும் வலுவுடையது. கைக்குழந்தை உள்ளவர், மாலை நான்கு மணிக்குப் பால் கறக்க வேண்டியவர், துணையின்றிப் பேருந்து ஏற இயலாதவர் ஆகியோரின் அனுபவங்கள் அலுவலக ஒலிப்பதிவில் இடம் பெறுவதே இல்லை. அவர்கள் திண்ணைக்கே கருவி சென்றால் இடம் பெறும்.

கணினிக்கு உரிய இடத்தையும் மறைக்கலாகாது. நான்கு பேர் நான்கு தனி மைக்குகளில் பேசுவதைப் பதிவு செய்யவும், ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பல அடுக்குகளாக அமைத்துத் திருத்தவும், இரண்டு ஆண்டுப் பதிவுகளை ஒழுங்குடன் சேமித்து வைக்கவும் கணினியே ஏற்றது. 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ‘ஆடாசிட்டி’ போன்ற சிறந்த மென்பொருள் கணினிக்கு உரியது. டேப்லெட்டிற்கு அதன் பதிப்பு கிடையாது. இணைய அழைப்பில் வெளியூர் நிபுணருடன் உரையாடிக்கொண்டே அதனைத் தரமாகப் பதிவு செய்வதும் டேப்லெட்டில் நெடுநாள் சங்கடமாகவே இருந்தது. ஐபேடைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பரில் வெளியான ஐபேட் ஓஎஸ் 26 என்னும் இயக்க முறையில்தான், அழைப்பு நடக்கும்போதே நம் பக்கத்துக் குரலைக் கருவியிலேயே தனியாகப் பதிவு செய்யும் வசதி சேர்க்கப்பட்டது. நம்முடைய நிகழ்ச்சியோ பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர் நேரில் அமர்ந்து பதினைந்து நிமிடம் பேசுவது. அதற்கு டேப்லெட் போதும்.

வேண்டிய பொருள்கள்

ஐபேடோ ஆண்ட்ராய்ட் டேப்லெட்டோ, ஏற்கெனவே இருப்பதைக் கொண்டு தொடங்குக. பணத்தை மைக்கில் செலவிடுக. கருவியிலேயே அமைந்துள்ள மைக் எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஓசைகளை ஏற்றத்தாழ்வின்றி வாங்கும்; பேசுபவரின் குரலும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் அதற்கு ஒன்றே.

சட்டையிலோ புடவைத் தலைப்பிலோ பொருத்தும் சிறு காலர் மைக் விலை குறைந்தது. பேசுபவர் அதனை இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவார் என்பது அதன் பெரிய அனுகூலம். 3.5 மில்லிமீட்டர் துளை உள்ள டேப்லெட்டிற்கு மைக் வாங்கும்போது அதன் முனையை உற்றுப் பாருங்கள். மூன்று வளையக் கோடுகள் இருந்தால் டேப்லெட்டிற்கும் செல்பேசிக்கும் பொருந்தும். இரண்டே இருந்தால் அது காமிராவிற்கு உரியது. புதிய கருவிகள் பலவற்றில் இத்துளையே இல்லை. அவற்றிற்கு யு.எஸ்.பி. மைக் வேண்டும். ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த 5.0 பதிப்பு முதல் யு.எஸ்.பி. ஒலிக்கருவிகளுக்கு இடமுண்டு, எனினும் கருவிக்குக் கருவி நடத்தை வேறுபடுவதால், கடையிலேயே இணைத்து ஒரு நிமிடம் பேசிப் பார்த்து வாங்குவது நலம். லைட்னிங் துளை உள்ள பழைய ஐபேடுகளுக்கு இடையில் ஓர் இணைப்பான் தேவைப்படும். மைக்கும் மின்னேற்றக் கம்பியும் ஒரே துளையைக் கேட்கும் என்பதை நினைவில் வைத்து, புறப்படுமுன்னரே மின்னேற்றத்தை முடித்துக்கொள்ள வேண்டும். கம்பியில்லாப் புளூடூத் காதணி மைக்கை இப்பணிக்கு உபயோகிக்காதிருப்பதே மேல்; பதிவின்போது அதன் குரல் தரம் தொலைபேசி அளவிற்கு இறங்கிவிடும்.

செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. ஐபேடில் ‘கராஜ்பேண்ட்’ இலவசமாகக் கிடைக்கிறது. அது இசைக்கென அமைக்கப்பட்டதாகையால் இரண்டு மாற்றங்கள் செய்தாக வேண்டும்: தாளம் தட்டும் ஓசையை நிறுத்துவது ஒன்று; பகுதியின் நீளத்தை எட்டு தாள அளவிலிருந்து ‘தானியங்கி’ என்பதற்கு மாற்றுவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்யாவிடில் சில வினாடிகளிலேயே பதிவு நின்றுவிடும். பேசுபவர் பேசிக்கொண்டே இருப்பார். பேச்சு நிகழ்ச்சிக்கென்றே அமைந்தது ‘ஃபெரைட்’ என்னும் செயலி. 2015-இல் வெளிவந்தது, இலவசமாகத் தொடங்கலாம், கூடுதல் வசதிகளுக்குக் கட்டணம் உண்டு. ஆண்ட்ராய்டில் ‘லெக்சிஸ் ஆடியோ எடிட்டர்’ என்பது நம் தேவைக்குப் போதுமானது.

இடத்தைத் தேர்தல்

ஒலிப்பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் கருவியன்று, அறை. நம் ஊராட்சிக் கட்டடங்களும் சேவை மையங்களும் காங்கிரீட் கூரையும் வழவழப்பான தரையும் சிமெண்டுச் சுவரும் உடையவை. அவற்றில் பேசினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஒலிக்கும். அதைவிட நெல் மூட்டைகள் அடுக்கிய அறை எவ்வளவோ மேல். மூட்டை, மெத்தை, பாய், கொடியில் தொங்கும் துணி ஆகியவை எதிரொலியை விழுங்குபவை. கூரை வீட்டுத் திண்ணையும் நன்றாகவே இருக்கும். வேறு வழியின்றிக் காங்கிரீட் அறையிலேயே பதிவு செய்ய நேர்ந்தால், பேசுபவருக்கு எதிரிலும் பின்னாலும் இரண்டு ஜமக்காளங்களைத் தொங்கவிடுங்கள்.

மைக்கிற்கும் வாய்க்கும் இடையில் ஒரு சாண் தூரம் போதும். இத்தூரம் இரு மடங்கானால் நேராக வரும் குரலின் அளவு 6 டெசிபல் குறைந்துவிடும். அறையின் எதிரொலியோ குறையாது. விலகி நின்று எடுத்த பதிவைப் பின்னர் எந்தச் செயலியாலும் முழுதும் சீராக்க இயலாது.

மின்விசிறியை நிறுத்த வேண்டும். கோடையில் இது கொடுமைதான். ஆகையால் காலை ஏழு மணியளவில் வேலையை வைத்துக்கொள்ளலாம். சேவல் கூவுவதற்கும் தொலைவில் பேருந்து ஒலி எழுப்புவதற்கும் அஞ்ச வேண்டுவதில்லை. கிராம நிகழ்ச்சியில் கிராமத்தின் ஓசை கேட்பது பொருத்தமே. பேச்சின் சொல்லை மறைக்கும் ஓசையைத்தான் தவிர்க்க வேண்டும். திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தால், அன்று திரும்பி வந்துவிடுவதே உத்தமம்.

பதிவு செய்தல்

முதற்கண் டேப்லெட்டை விமானப் பயண நிலையில் வையுங்கள். அழைப்பு மணியும் செய்தி ஒலியும் குறுக்கிடா. செல்பேசி அலையால் மைக்கில் எழும் ‘டிர்ர்’ என்ற ஓசையும் வராது. பக்கத்தில் இருப்போரின் செல்பேசிகளையும் சற்று விலக்கி வைக்கச் சொல்லுங்கள். கருவியை மடித்த துண்டின் மீது கிடத்திவிட்டால் மேசையின் அதிர்வு அதில் ஏறாது. கையில் பிடித்துக்கொண்டு பதிவு செய்தல் கூடாது.

பின்னர் பேசுபவரை, நேற்று என்ன சமைத்தார் என்பது போன்ற எதையேனும் சொல்லச் சொல்லி அளவைப் பாருங்கள். குரலின் உச்சம் கழித்தல் 12-க்கும் கழித்தல் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்க வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் பிளந்துவிடும். அதற்குப் பரிகாரம் இல்லை. அளவு சற்றுக் குறைந்திருந்தால் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். சோதனையாகப் பதிந்ததைக் காதணியில் கேட்ட பின்னரே உண்மையான பதிவைத் தொடங்க வேண்டும். தொடங்குமுன் பத்து வினாடி அனைவரும் மௌனமாக இருக்க, அந்த மௌனத்தையும் பதிவு செய்யுங்கள். திருத்தும்போது வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு அது பயன்படும்.

பேசுபவரின் சம்மதத்தையும் அப்போதே குரலாகப் பெற்றுக்கொள்வது முறை. இப்பேச்சு இன்ன ஊர்களில் பரவும், யார் வேண்டுமானாலும் கேட்பார்கள் என்பதை விளங்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கடன் நிலுவை, நோய், குடும்பச் சச்சரவு ஆகியவை உரையாடலில் தாமாக வந்து விழுவதுண்டு. அலுவலகத்தில் அடக்கமாகப் பேசுபவர் தம் வீட்டுத் திண்ணையில் மனம் விட்டுப் பேசுவார். அந்த நம்பிக்கையை நாம் காக்க வேண்டும். “இதை எடுத்துவிடுங்கள்” என்று அவர் மறுநாள் சொன்னாலும் எடுத்துவிட வேண்டும்.

வினாக்களைத் தாளில் எழுதிப் படிக்காதீர்கள். மூன்று வினாக்களை மனத்தில் கொண்டால் பதினைந்து நிமிடத்திற்குப் போதும்.

திருத்துதலில் எச்சரிக்கை

டேப்லெட்டில் திருத்துவது கணினியில் திருத்துவதைக் காட்டிலும் பலருக்கு எளிதாக இருக்கிறது. குரல், திரையில் அலைக்கோடாகத் தெரியும். வேண்டாத பகுதியை விரலால் தொட்டு, வெட்டி, நீக்கிவிடலாம். கணினி பழகாத சுய உதவிக்குழுப் பெண்களும், செல்பேசியைக் கையாண்ட பழக்கத்தால், சில நாள்களில் இதனைக் கற்றுக்கொள்கிறார்கள். நகத்தளவு பகுதிகளை வெட்டுவதற்கு மட்டும் திரையில் எழுதும் பேனா உதவியாக இருக்கும்.

எளிதாக இருப்பதே ஆபத்தும் ஆகும். “இந்த மருந்தைத் தெளிக்கலாம்; ஆனால் பூக்கும் சமயத்தில் கூடாது” என்று ஒரு விவசாயி சொல்கிறார். நிகழ்ச்சி நீண்டுவிட்டது என்று இரண்டாம் பாதியை வெட்டினால் என்ன ஆகும்? துண்டுப் பிரசுரத்தில் பிழை நேர்ந்தால் ஒட்டுத்தாள் ஒட்டலாம். ஒருவர் செல்பேசியிலிருந்து மற்றவர் செல்பேசிக்குப் பரவிவிட்ட குரலைத் திரும்பப் பெற முடியாது. ஒரு போகமே அதனால் போகலாம். ஆகவே ‘ஆனால்’, ‘மட்டும்’, ‘கூடாது’ ஆகிய சொற்களுக்கு அருகில் வெட்டும்போது, வெட்டியவர் அல்லாத இன்னொருவர் முழுவதையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதை எங்கள் ஒன்றியத்தில் விதியாகவே வைத்திருக்கிறோம்.

எண்களும் அவ்வாறே. ‘எழுபது’ என்பதும் ‘எழுநூறு’ என்பதும் டிராக்டர் ஓசைக்கு இடையில் ஒன்று போலவே கேட்கும். மருந்தளவு, உர அளவு, விண்ணப்பத்தின் கடைசி நாள் ஆகியவற்றை அலகுடன் சேர்த்து இருமுறை சொல்லச் செய்ய வேண்டும். “ஏக்கருக்கு எழுபது, அதாவது ஏழு பத்து” என்று சொன்னால் ஐயம் இராது. வேளாண்மை, கால்நடை, சுகாதாரம் பற்றிய செய்திகளை அந்தந்தத் துறை அலுவலர் கேட்டு ஒப்புக்கொண்ட பின்னரே வெளியிடலாம்.

பேச்சில் வரும் ‘வந்து’, ‘அது என்னன்னா’ போன்றவற்றை எல்லாம் துடைத்து எடுக்கும் ஆர்வம் புதியவர்களுக்கு உண்டாகும். அது வேண்டாம். அவையின்றிக் கேட்டால் மனிதர் பேசுவது போலவே இராது.

வெளியிடுதலும் கேட்டலும்

சுருக்கப்படாத பதிவு ஒரு நிமிடத்திற்குச் சுமார் 6 மெகாபைட் இடம் கொள்ளும். அரை மணி நேரத்திற்கு ஏறத்தாழ 175. புறப்படும் முன் டேப்லெட்டில் இவ்வளவு இடம் காலியாக உள்ளதா என்று பார்த்துக்கொள்ளவும். மூலப் பதிவை அன்று மாலையே பென்டிரைவ் ஒன்றிலும் அலுவலகக் கணினியிலுமாக இரண்டு பிரதிகள் எடுத்துவிட வேண்டும். ஐபேடில் வெளிப்புறச் சேமிப்புக் கருவிகளை இணைக்கும் வசதி 2019 முதல் இருக்கிறது. டேப்லெட் கீழே விழும் பொருள். மழையில் நனையும் பொருள். பிள்ளைகள் எடுத்து விளையாடும் பொருள்.

வெளியிடும் பிரதியை விநாடிக்கு 64 கிலோபிட் அளவுள்ள ஒற்றைத் தடம் எம்.பி.3 ஆக மாற்றினால் பத்து நிமிட நிகழ்ச்சி 5 மெகாபைட்டிற்குள் அடங்கும். குரலுக்கு இத்தரம் போதும். அலைக்கற்றை குறைந்த ஊர்களிலும் இறங்கும். பாட்காஸ்ட் தளங்களில் ஏற்றுவதுடன் குழுக்களின் வாட்ஸ்அப் வழியாகவும் அனுப்பலாம். ஒவ்வொரு நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் தேதியைக் குரலில் சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டின் கடைசி நாளை இந்த ஆண்டிற்கு உரியது என்று கருதி அலைவோர் உண்டு.

அனுப்பியதுடன் கடமை முடிந்தது என்று இருந்துவிடலாகாது. 1956-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உதவியுடன் புனே வானொலி நிலையம் சுற்றுப்புறத்து ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. ஊர் மக்கள் சிறு குழுவாகக் கூடி விவசாய நிகழ்ச்சியைக் கேட்பார்கள், கேட்டதை விவாதிப்பார்கள், எழும் வினாக்களை நிலையத்திற்கு எழுதி அனுப்புவார்கள், விடை பின்னர் ஒலிபரப்பில் வரும். தனியே கேட்பதைக் காட்டிலும் கூடிக் கேட்டு விவாதிப்பதால் அறிவு மிகுதியாக வளர்ந்தது என்பதை அச்சோதனை காட்டியது. எழுதத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால்தான் வினா நிலையத்தை அடையும் என்பது அன்றைய இடையூறு.

டேப்லெட்டிற்கு அந்த இடையூறு இல்லை. மாதம் இருமுறை மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கியை இணைத்து நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டலாம். முடிந்ததும் அதே கருவியைப் பதிவு நிலைக்கு மாற்றி நடுவில் வைத்துவிட்டால், கேட்டவர்களின் ஐயங்கள் அவர்கள் குரலிலேயே பதிவாகிவிடும். தொட்டி இயக்குநரின் பேச்சைப் போட்ட ஒரு கூட்டத்தில், “குளோரின் போட்ட தண்ணியில சோறு மஞ்சளாயிடுது, அதனால நாங்க கிணத்துத் தண்ணியத்தான் குடிக்கிறோம்” என்று ஒருவர் சொன்னார். எந்த அறிக்கையிலும் எங்களுக்கு வராத செய்தி அது. அடுத்த நிகழ்ச்சி அவருடைய அந்த வினாவுடனேயே தொடங்கிற்று; சுகாதார ஆய்வாளர் அதற்கு விடை கூறினார்.